பளபளக்கக் கூடாத பட்டைகள்

அப்பாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் என்ன சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெரியவள், "கம்பெனிக்குப் போறாங்க" என்று முடித்துக்கொள்வாள். சின்னவன், "இரும்பு மேல மழை பெய்ய வைக்கிறாங்க" என்பான். சின்னவன் சொல்வது கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மழை எதற்கு என்று உங்களிடம் நான் சரியாகச் சொன்னதே இல்லை. நான் பத்தாவது வரை படித்தவன். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன். உங்கள் மாமாவின் மீன் வண்டியை வைத்துச் சொன்னால் உங்களுக்கும் விளங்கும், எனக்கும் எழுத வரும்.

கீரனூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் நான் வேலை பார்க்கும் ஷெட் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே செய்வது கமான் பட்டை. லாரி, வேன், டிராக்டர் டிரெய்லர் எதற்கும் அடியில் குனிந்து பாருங்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும். வண்டியின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தில் இறங்கினால் பட்டை நிமிர்ந்து கொடுக்கும், ஏறியதும் பழையபடி வளைந்துகொள்ளும். நாள் முழுக்க அதற்கு இதே வேலை.

பட்டையைச் சிவக்கக் காய்ச்சி வளைப்பது, எண்ணெயில் முக்குவது எல்லாம் ஷெட்டின் அந்தக் கோடியில் நடக்கும். எல்லாம் முடிந்து, கையால் தொடுகிற அளவுக்கு ஆறிய பிறகுதான் பட்டை என்னிடம் வரும். என் மிஷின் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. பட்டை ஒரு பக்கம் உள்ளே போய் மறு பக்கம் வெளியே வரும். உள்ளே வேகமாகச் சுற்றுகிற சக்கரம் கடுகை விடச் சின்ன இரும்புக் குண்டுகளை அள்ளி அள்ளிப் பட்டையின் மேல் வீசும். வெளியே நின்றால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வது போலச் சத்தம் கேட்கும். இதற்கு ஷாட் அடிப்பது என்று பெயர். தரையில் அந்தக் குண்டுகள் சிந்திக் கிடந்தால் நடக்க முடியாது, காலை வாரிவிடும். என் சட்டைப் பையைத் தட்டாமல் துவைக்கப் போட்டால் உங்கள் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வதும் இந்தக் குண்டுகளால்தான்.

மழையில் நனைந்து வெளியே வருகிற பட்டை பார்க்க அழகாக இருக்காது. வெளுத்து, மங்கி, எலுமிச்சம்பழத் தோல் போலப் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருக்கும். நல்ல இரும்பை இப்படிக் கெடுக்கிறோமே என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். துரு போகத்தான் இப்படி அடிக்கிறோம் என்று நானும் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஷாட் அடிக்காத பட்டை சீக்கிரம் உடையும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்க வைத்தது உங்கள் மாமா.

மாமாவை உங்களுக்குத் தெரியும், வண்டியின் மேல் அவருக்கு இருக்கும் பிரியமும் தெரியும். அம்மாவுக்கு நேர் மூத்தவர். கறம்பக்குடியில் வீடு. மணமேல்குடிக் கரையில் காலையில் படகுகள் வந்ததும் மீனை ஐஸ் பெட்டிகளில் ஏற்றி, அறந்தாங்கி வழியாகக் கறம்பக்குடிச் சந்தைக்கு மத்தியானத்துக்குள் கொண்டுவந்து இறக்குவார். லோடு கொடுப்பவர் மணமேல்குடியில் ஒரு மீன் வியாபாரி. மாமா அவரைப் பாய் என்றுதான் சொல்வார். மாமாவின் குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது, பாய் கொடுக்கிற லோடுதான்.

அந்த வண்டியில் பட்டை அடிக்கடி உடைந்தது. பாரம் அதிகம், ரோடு மோசம், அதோடு ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பட்டையின் மேலேயே சொட்டும். உடைந்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும். வேறு வண்டி பிடித்து மீனை மாற்றி ஏற்றுவதற்குள் ஐஸ் கரைந்து, சந்தையும் கலைந்துவிடும். இரண்டாவது முறை அப்படி ஆனபோது, பாய் கோபப்படாமல் ஒரு வார்த்தை சொன்னாராம். இன்னும் ஒரு தடவை வண்டி வழியில் நின்றால், தம்பி வருத்தப்படக் கூடாது, நான் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று. கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை மாப்ள, மெதுவாச் சொன்னதுதான் பயமா இருக்கு என்று மாமா என்னிடம் சொன்னார்.

அதுவரை மாமா பட்டையைப் பக்கத்துப் பட்டறையில் காய்ச்சி வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் எங்கள் ஷெட்டிலிருந்து ஷாட் அடித்துக் கறுப்புப் பெயின்ட் பூசிய புதுப் பட்டைகளை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். கோடை முழுக்க ஓடியது. ஆடி ஓடியது, ஆவணி ஓடியது. உடையவில்லை. எங்கே போனாலும் மாமா என் கம்பெனியைப் புகழ்ந்தார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

கறம்பக்குடியில் மாமா வண்டி நிறுத்துகிற ஸ்டாண்டில் பூஜைக்கு எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்துவார்கள். யார் வண்டி நன்றாக இருக்கிறது என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. பரிசு எதுவும் இல்லை, பேச்சுத்தான். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த பூஜை வரைக்கும் ஓடும். நாம் எல்லோரும் அன்றைக்குப் போயிருந்தோம், உங்களுக்குப் பொரியும் கடலையும் ஞாபகம் இருக்கும். வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாமா புது வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து வண்டியின் பின்பக்கம் இழுத்துப் போனார்.

"எல்லாரும் மேலதான் தொடைச்சிருக்கானுக மாப்ள. நான் அடியிலயும் தொடைச்சிருக்கேன். குனிஞ்சு பாருங்க, மொகம் தெரியும்."

குனிந்து பார்த்தேன். தெரிந்தது. இத்தனை வருஷம் பட்டையோடு வேலை பார்த்தும், பட்டையில் என் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் இல்லை, புள்ளிகள் இல்லை. எவர்சில்வர் தட்டு போல மின்னியது, மேலே வார்னிஷ் வேறு.

யார் தேய்த்தது என்று கேட்டேன். பட்டைகளைக் கழற்றி, லேத்துக் கடையில் கொடுத்து, சுற்றுகிற கல்லில் நன்றாகத் தேய்க்கச் சொல்லி, அதற்கு மேல் உப்புத்தாள் போட்டுத் தானே உட்கார்ந்து இழைத்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, நான் வேறு எதற்கோ வருத்தப்படுவதாக நினைத்துக்கொண்டார்.

"ஒங்க சரக்கு நல்ல சரக்குதான் மாப்ள. பினிஷிங்தான் பத்தல. நான் சரி பண்ணிட்டேன். தப்பா நெனைக்காதீங்க."

நல்ல நாளில், அத்தனை பேர் பார்க்க, சாமி கும்பிடுகிற நேரத்தில் என்ன சொல்வது? மாமா வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்த பிறகுதான் மெதுவாக ஆரம்பித்தேன். அந்தப் புள்ளிகள்தான் பட்டைக்குக் காவல், தேய்த்திருக்கக் கூடாது, திரும்பவும் உடைய வாய்ப்பு இருக்கிறது என்றேன். அதுவும் அவர் ரொம்ப மெனக்கெட்டுத் தேய்த்தது உள்வளைவுப் பக்கம். வண்டி குதிக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான், அதனால்தான் நாங்கள் ஷாட்டையும் அந்தப் பக்கம் அடிக்கிறோம் என்று சொன்னேன்.

மாமாவுக்கு அது ஏறவில்லை. தேய்த்தால் இரும்புக்கு எப்படிப் பலம் குறையும், எவ்வளவு இரும்பு போயிருக்கப் போகிறது, ஒரு கைப்பிடித் தூள்கூட இருக்காதே என்றார். ஷெட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"சொரசொரன்னு இருக்கறதுதான் பலம்னா, இந்நேரம் எங்க அறந்தாங்கி ரோடு ஒலகத்துலயே பலமான ரோடா இருக்கணுமே" என்று சிரித்தார். அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

சிரிக்காதது உங்கள் அம்மா மட்டும்.

"அண்ணே, இவுக தோசை வெந்துருச்சுன்னு சொன்னாக்கூட நான் திருப்பிப் போட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். இரும்பப் பத்திச் சொன்னா மட்டும் அப்படியே கேட்டுக்குவேன். நீயும் கேட்டுக்க."

மறுநாள் விஜயதசமி, நாம் மாமா வீட்டில்தான் இருந்தோம். விடுமுறையில் தொந்தரவு செய்கிறோமே என்று தயங்கித் தயங்கி, எங்கள் ஷெட்டில் தரம் பார்க்கும் மேடத்துக்குச் செய்தி அனுப்பினேன். திருச்சியில் இன்ஜினியரிங் படித்தவர், என்னை விட வயதில் ரொம்பச் சின்னவர். உடனே போன் பண்ணினார். மாமா பக்கத்தில்தான் இருந்தார், ஸ்பீக்கரில் போட்டேன். புள்ளி போனால் பலம் ஏன் போகிறது என்று கேட்டேன்.

"காலையில கீரனூர்ல திருச்சி பஸ் வந்து நிக்கும்ல அண்ணே, படிக்கட்டு வரைக்கும் ஆளு அடைச்சுக்கிட்டு. அதுல புதுசா ஒருத்தர் நுழைய முடியுமா? ஷாட் அடிச்ச மேல்தோலு அப்படித்தான். ஒவ்வொரு குண்டும் விழுந்த எடத்துல இரும்பை நசுக்கிப் பரத்தப் பாக்குது. அடியில இருக்கற இரும்பு பரவ விடாது. அதனால மேல இருக்கறதெல்லாம் ஒண்ணை ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்கும். விரிசலுக்கு நுழைய எடமே கெடைக்காது. ஒங்க மச்சான் படிக்கட்டுல நின்ன ஆளையெல்லாம் எறக்கி விட்டுட்டாரு."

அந்தக் கூட்டம் எவ்வளவு ஆழத்துக்கு நிற்கும் என்று மாமாவே குனிந்து போனில் கேட்டார். நகத்தின் கனம்கூட இருக்காது என்றார் மேடம். கல்லில் தேய்த்தால் போய்விடும். போனதோடு இல்லாமல், கல் கீறிய கோடுகள் வேறு இருக்கும், விரிசல் அதில்தான் ஆரம்பிக்கும்.

உங்களுக்கு இதை இப்படிச் சொல்கிறேன். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி நீங்கள் ஒடித்திருக்கிறீர்கள். ஒரு தடவை மடக்கினால் ஒடியாது. இரும்புக்கும் அலுப்பு உண்டு. பெரிய பாரம் ஒரே நாளில் பட்டையை ஒடிப்பதில்லை. சின்னச் சின்னக் குலுக்கல்கள் திரும்பத் திரும்ப வருவதுதான் ஒடிக்கிறது. முடியை விட மெல்லிய விரிசல் மேல்தோலில் விழும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது கொஞ்சம் வாயைத் திறந்து இன்னும் உள்ளே போகும். ஒரு நாள் மீதி இரும்பு பாரம் தாங்காமல் படாரென்று விட்டுப்போகும். மேல்தோல் நெருக்கிக்கொண்டு நின்றால், விரிசல் வாயைத் திறக்கவே முடியாது. அதற்குத்தான் அந்த மழை.

விரிசல் விழுவதற்கு முன்னால் கொண்டுவந்தால் மறுபடியும் ஷாட் அடித்துக்கொள்ளலாம், விழுந்த பிறகு அடித்துப் பிரயோஜனம் இல்லை, விரிசலை ஷாட் ஒட்ட வைக்காது என்று மேடம் சொல்லிவிட்டு வைத்தார்.

மாமா அதற்கு மேல் சிரிக்கவில்லை. ஆனாலும் அடுத்த நாள் லோடு இருந்தது. வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனால் பாயிடம் லோடு ஏற்ற முடியாது என்று சொல்ல வேண்டும். கொண்டுபோகாமல் ஓட்டினால் வழியில் நிற்கலாம். எப்படிப் பார்த்தாலும் பாய் வேறு வண்டி பார்த்துவிடுவார் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாய் வெள்ளிக்கிழமை மட்டும் லோடு ஏற்றமாட்டார். அதனால் வெள்ளிக்கிழமை வருகிறேன், அதுவரைக்கும் சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்.

"சாமி பாத்துக்கும், நீ பாதி பொட்டி மட்டும் ஏத்து" என்றாள் உங்கள் அம்மா. "வெள்ளிக்கெழம கீரனூருக்கு வண்டி வரலன்னா, நானே பாய்க்குப் போன் போட்டு வண்டியோட கதையச் சொல்லிருவேன்."

அண்ணன் தங்கைக்குள் இப்படிப் பேச்சு நடக்கும்போது நான் நடுவில் போவதில்லை.

அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாமாவுக்குப் போன் பண்ணி, மீன் இறங்கிவிட்டதா என்று கேட்பேன். தினமும் கேட்டதில் அவருக்கே சலித்துவிட்டது. என் பொண்டாட்டிகூட இப்படி விசாரிக்கமாட்டா மாப்ள என்றார். ஆனால் பாதிப் பெட்டிகளோடுதான் ஓட்டினார். மீதிப் பெட்டிகளுக்காக இரண்டாம் நடை போய்வந்தார். டீசல் இரட்டிப்பு, தூக்கம் பாதி. பாயிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி சொன்னபடி வந்தது. எதிர்த்த பட்டறையில் பட்டைகளைக் கழற்றி ஷெட்டுக்குள் கொண்டுவந்தோம். மேடம் முதலில் விரிசல் பார்க்கச் சொன்னார். பட்டைக்குக் காந்தம் ஏற்றி, பச்சை மருந்து கலந்த தண்ணீரை ஊற்றி, திரை போட்ட இருட்டறையில் நீல விளக்கைக் காட்டுவார்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மருந்து கூடி நின்று பச்சையாக மின்னும்.

மேல் பட்டையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது பட்டையில், பட்டைகளைச் சேர்த்து முடுக்குகிற நடு ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு பச்சைக் கோடு.

முடி ஒட்டியிருக்கிறது என்று மாமா விரலால் தள்ளிவிட்டார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். போகவில்லை. அப்புறம் விளக்கின் பக்கத்தில் முகத்தை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கல் கீறிய கோட்டின் மேலேயே அது ஆரம்பித்திருந்தது.

"இது இப்பிடியே ஓடியிருந்தா?"

"தெரியாதுண்ணே" என்றார் மேடம். "நாளைக்கும் ஒடஞ்சிருக்கலாம், கார்த்திகை வரைக்கும் ஓடியிருக்கலாம்."

அந்தப் பட்டையைத் தள்ளி வைத்துவிட்டு அதற்குப் பதில் புதியது எடுத்தோம். மற்றவற்றை வார்னிஷ் போகச் சுரண்டி, கீறல்களை வழித்து, என் மிஷினுக்குள் விட்டேன். கூடவே எங்கள் வழக்கப்படி ஒரு சோதனைத் தகட்டையும் விட்டேன். அது விரல் அகலத்தில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு. ஒரு கட்டையின் மேல் தட்டையாக வைத்து நான்கு திருகாணி போட்டு முடுக்கியிருப்போம். அடி சரியாக விழுகிறதா என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம்.

மழை ஓய்ந்து வெளியே வந்ததும் திருகாணிகளை மாமாவையே கழற்றச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசித் திருகாணி விட்டதும் தகடு தானாக முதுகை வளைத்துக்கொண்டு எழுந்தது. மாமா கையை எடுத்துக்கொண்டார். பிறகு அதை மேஜையில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினார். தட்டையானது. விட்டதும் மறுபடி எழுந்துகொண்டது. திரும்பவும் அமுக்கினார், அது திரும்பவும் எழுந்தது.

"யாரும் வளைக்கல" என்றேன். "அடி வாங்குன பக்கம் பரவப் பாக்குது மச்சான். மெல்லிசுங்கறதால வளைஞ்சுருச்சு. ஒங்க பட்டை கனம், வளைய முடியாது. அந்த நெருக்கத்த உள்ளயே வச்சுக்கும்."

மாமா, இனிமேல் பட்டைக்கு நானே பெயின்ட் பூசுகிறேன், கறுப்பாகவே இருக்கட்டும் என்றார். உட்கார்ந்து பூசவும் செய்தார். அவர் பூசினால் ஒரு இடம் விடாது. அது பட்டைக்கு நல்லதுதான், உப்புத் தண்ணீர் இரும்பைத் தொடாது. அவருக்கும் கைக்கு வேலை கிடைத்தது.

மறுநாள் சனிக்கிழமை முழு லோடு ஏற்றினார். மத்தியானம் நான் போன் பண்ணவில்லை. அவரே பண்ணினார். இறங்கிருச்சு மாப்ள என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி மழையில் அறந்தாங்கி ரோடு என்ன கதியானது என்று உங்களுக்குத் தெரியும். பாயின் சொந்த வேன் ஒன்று அந்த மழையில் பட்டை உடைந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த மாமாதான் அந்த மீனையும் தன் வண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஒன்னுது மட்டும் எப்படி நிக்குது என்று பாய் கேட்டாராம். மாமா தேய்த்த கதையிலிருந்து பச்சைக் கோடு வரை ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்வாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னாராம். பாய் தன் வேனுக்கும் எங்கள் ஷெட்டில் பட்டை வாங்கி வரச் சொன்னார். அதை வாங்க மாமா கீரனூர் வந்தபோது, வருகிறதுதான் வருகிறாய், சும்மா எதற்கு வருகிறாய், கொஞ்சம் மீனும் ஏற்றிக்கொண்டு போ என்று பெட்டிகளைக் கொடுத்து அனுப்பினார். கீரனூர்ச் சந்தையில் அது நல்லபடியாக விற்றது. இப்போது வியாழக்கிழமை தோறும் கீரனூர் லோடும் மாமாவுக்குத்தான்.

அதனால்தான் வியாழக்கிழமைகளில் நம் தெரு முனையில் அந்த வண்டி நிற்கிறது, நம் வீட்டில் சங்கரா மீன் குழம்பு கொதிக்கிறது. பெட்டியைத் திறந்ததும் நீங்களும் அம்மாவும் மீனைப் பார்ப்பீர்கள். நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பேன். அப்பாவுக்கு என்ன அங்கே வேலை என்று சின்னவன் ஒரு நாள் கேட்டான். என் முகம் தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியாவிட்டால் நிம்மதியாக எழுந்து வந்து உங்களோடு சாப்பிட உட்காருவேன்.